முதிய பெண்களின் மனச்சோர்வும் வறுமையும்

முதிய பெண்களின் மனத்துயரை வயதுக்கும் பெண்மைக்கும் உரிய இயல்பென்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். இக்கருத்து ஆராயத்தக்கது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் 65 வயது நிறைந்த 1,000 பேரை ஆராய்ந்து, முடிவுகளை 2009இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 12.7 பேர் மனச்சோர்வு நோயுற்றிருந்தனர். குறைந்த வருவாயுடையோரிடமும், அதனினும் மிகுதியாகப் பசியால் வாடியோரிடமும் இந்நோய் கூடுதலாயிருந்தது. நீரிழிவும் இதயநோயும் உடன்நின்றன. வயதோ பெண்ணாயிருத்தலோ தனிக்காரணமாகத் தென்படவில்லை. மனந்திறந்து பேசத்தக்கவர் பலரைப் பெற்றிருந்தோரிடம் நோய் மிகக் குறைவு.

ஆயினும் 2017-18இல் நாடெங்கும் நடந்த முதியோர் ஆய்வில் பெண்களிடமே, குறிப்பாக விதவைகளிடமே, மனச்சோர்வு மிகுந்து காணப்பட்டது. இது முரண்பாடன்று. பெண்மை நோயைத் தருவதில்லை. பெண்ணென்பதால் வந்துசேரும் வறுமையும் தனிமையும் தருகின்றன. திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த சமவெளியில் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைத்தவள், உடல் தளர்ந்த அன்றே கூலியை இழக்கிறாள். ஓய்வுபெற்ற அரசுப்பள்ளி ஆசிரியைக்கோ மாத வருவாய் தொடர்கிறது. முன்னவளுக்குரிய அரசு உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. (அதையும் மகனே வாங்கிக்கொள்ளும் வீடுகள் உண்டு.)

இத்தகையவளை விசுவாசக் குறைவுள்ளவளென்று கடிந்துகொள்ளும் போதகர்கள் இன்னும் உளர். காலையில் உண்டாளா, யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறாள் என்று அவர்கள் வினவுவதில்லை. உறக்கமும் உணவும் குன்றி இரண்டு வாரங்களுக்குமேல் வாடியிருப்பவரை மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். பேருந்தில் உடன்செல்ல ஒருவர் வேண்டும்.