நடுவயதில் ஒரு புதுமொழி

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவைப்போர் பலர். கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் அவ்வாறு மூடிவைக்கும் வசதி எல்லோர்க்கும் வாய்த்ததில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய இவ்வூர்களின் தாய்மொழி தமிழ். 1961ஆம் ஆண்டுவரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அவ்வாண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கல்லோயாத் திட்டத்தால் வளர்ந்த, சிங்களம் பேசுவோர் மிகுந்த அம்பாறை நகரிலே கச்சேரி அமைந்தது. காணிக் கடிதமொன்றின் பொருளறியவும் பிறர் நாவை நாடவேண்டிய நிலை பலருக்கு நேர்ந்தது.

1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியிருந்தது. 1961இல் வெளியான திறைசேரிச் சுற்றுநிருபமோ, சிங்களப் பரீட்சையில் தேறாத உத்தியோகத்தரின் வருடாந்தச் சம்பள ஏற்றத்தை நிறுத்தியது. அவ்வாறு ஏற்றத்தை இழந்த எழுதுவினைஞர் கோடீசுவரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது; 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது; 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்றது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற கேள்வி மட்டும் முடிவு காணாமலே நின்றுவிட்டது. அச்சத்தின் பேரில் கற்பிக்கப்படும் பாடம் எவ்வயதிலும் கசக்கும். அக்கசப்பை வயதின் குறையென எண்ணுவது தவறு.

ஒல்லாந்து நாட்டிற் குடியேறிய ஆங்கிலம் பேசுவோரைப் பற்றி 1978இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொடக்க மாதங்களில் விரைந்து முன்னேறியவர்கள் சிறு குழந்தைகளல்லர், வளர்ந்தோரும் பதின்பருவத்தினருமே. பிள்ளைகள் பின்னரே அவர்களை எட்டிப் பிடித்தனர். இலக்கணத்தை விளக்கினால் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வளர்ந்தவருக்கு உண்டு.

கல்முனையார் ஒருவர் சிங்களம் பயிலும்போது வேறு துணைகளும் உள்ளன. தமிழிற் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும்; வேற்றுமை உருபு பெயரின் பின்னே நிற்கும். கடையில் வாங்கும் பாணுக்கு அங்கும் 'பான்' என்றே பெயர். போர்த்துக்கேயர் இரு மொழிக்கும் விட்டுச்சென்ற சொல் அது. ஓதற் பள்ளியிலே அரபு எழுத்தைப் பயின்ற நாவுக்கு, தமிழெழுத்து வேறுபடுத்திக் காட்டாத ஒலிகள் சில இளமையிலேயே பழகியிருக்கும்.

இடர் வேறிடத்தில் உளது. மலையைக் குறிக்கும் சொல்லையும் அடிமரத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கந்த' என்றே அமையும். சிங்களவர் செவிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒன்றில் மூக்கொலி முழுமையாக ஒலிக்கும், மற்றதில் நொடிப்பொழுதே தோன்றி மறையும். அதனிலும் பெரிய இடர் மொழியின் இரட்டை வடிவம். நான் போகிறேன், அவர் போகிறார் என்னும் இரண்டுக்கும் பேச்சிலே 'யனவா' என்ற ஒரே வினை போதும். எழுத்திலோ 'மம யமி', 'ஒஹு யயி' என வினை மாறும். சந்தையில் சிங்களம் பழகிய துணி வியாபாரி கச்சேரிக் கடிதத்தின்முன் திகைப்பதும், பரீட்சையில் தேறிய எழுதுவினைஞர் பேருந்திலே வாயடைத்து நிற்பதும் இதனாலேதான். நாற்பது வயதில் தொடங்குபவர் எதற்காகக் கற்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அந்த வடிவத்திலே தொடங்குதல் நன்று. பேச்சு வேண்டுவோர்க்கு எழுத்துக்கூட்டும் ஏடு முதல்நாளிலே தேவையில்லை.

1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007ஆம் ஆண்டுச் சுற்றுநிருபமொன்று, புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் மற்ற மொழியில் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சிபெற வேண்டுமெனப் பணித்தது. ஆகவே சிங்கள உத்தியோகத்தரும் தமிழ் ஏட்டைக் கையிலெடுக்கலாயினர். ஒரே ககரம் பல ஒலி தருவதும், பேச்சுக்கும் எழுத்துக்குமுள்ள தூரமும் இப்போது அவர்களை வாட்டுகின்றன. 'பின்னர்' என்று ஏட்டிற் படித்துத் தேறிய ஒருவரிடம், கல்முனையிலிருந்து வரும் முதியவர் "மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்தப் பரீட்சைத் தாளிலும் இல்லாத அச்சொல்லை அவர் மேசையடியில் நிற்பவரிடம் கேட்டே அறிந்துகொள்ள வேண்டும்.