சின்ன உடம்பு கிட்டார்: யாருக்காக, எதற்காக?

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு சின்ன அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்கு வாங்கினதா?" இல்லை, எனக்குத்தான். "பெரிய கிட்டார்தான் இருக்கே, பிறகு எதுக்கு இது?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. சரித்திரம், இயற்பியல், தோள்வலி, உப்புக் காற்று எல்லாம் சேர்ந்த பதில் அது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இது பிள்ளைகளுக்கான முக்கால் சைஸ் கிட்டார் இல்லை. ஆறு கம்பி, அதே சுருதி, பெரியவர் கைக்கான நெக் எல்லாம் உண்டு. உடம்பு மட்டும்தான் சின்னது.

பூஜ்யக் கணக்கு

கிட்டார் அளவுகளுக்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்கள் மார்ட்டின் கம்பெனியிடமிருந்து வந்தவை. 1833-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. அவர்கள் தொழிற்சாலை இருக்கும் ஊர் பென்சில்வேனியாவின் நாசரேத். நம்ம தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒரு நாசரேத் இருப்பதால் இந்தப் பெயர் எனக்கு மறக்கவே மறக்காது.

அவர்கள் கணக்கில் பூஜ்யம் கூடக் கூட உடம்பு பெரிசாகும். அடிப்பக்கத்து அகலத்தை மட்டும் பார்ப்போம்:

- 0 அளவு: சுமார் 34 செ.மீ.
- 00 அளவு: சுமார் 36 செ.மீ.
- 000 அளவு: சுமார் 38 செ.மீ.
- டிரெட்நாட்: சுமார் 40 செ.மீ.

என்னுடையது 00. கடைகளில் சாதாரணமாகத் தொங்குவது பெரும்பாலும் டிரெட்நாட். அகலத்தில் வித்தியாசம் 3 செ.மீ. சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் 00-வின் ஆழமும் 2 செ.மீ. அளவுக்குக் குறைவு, நீளமும் கொஞ்சம் குறைவு, இடுப்பும் ஒடுங்கியது. நாலையும் பெருக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. விஷயமே இந்தக் காற்றில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரிசு எப்போ வந்தது?

நாம் பெரிய கிட்டாரைத்தான் "நார்மல்" என்று நினைக்கிறோம். சரித்திரம் நேர் எதிர். புனித சவேரியார் 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த காலத்தில், ஐரோப்பாவில் கிட்டார் என்றால் நாலு ஜோடித் தந்தி உள்ள, இன்றைய கிட்டாரைவிட நன்றாகவே சின்னதான ஒரு வாத்தியம். போர்ச்சுகீசியரின் மதேரா தீவில் இருந்த மச்சேத்தே இன்னும் குட்டி. 1879-ல் கப்பலில் ஹவாய்க்குப் போன மதேரா மக்கள் கொண்டுபோன அந்த வகை வாத்தியத்திலிருந்துதான் உக்குலேலே பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் உடம்பைப் பெரிசாக்கினார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு அவர் போட்டதுதான் அச்சு.

டிரெட்நாட் வந்தது 1916-ல். டிட்சன் என்ற இசைக்கடை நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்து கொடுத்த மாடல் அது. பெயர் 1906-ல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். 1931-லிருந்துதான் மார்ட்டின் தன் சொந்தப் பெயரில் அதை விற்றது. மைக் பரவலாக இல்லாத காலம். பல குரல்கள் சேர்ந்து பாடும்போது பின்னணியில் கிட்டார் கேட்க வேண்டும், அதுதான் தேவை. அந்தத் தேவைக்கு டிரெட்நாட் அருமையான விடை.

இன்றைக்கும் அப்படித்தான். என் பழைய டிரெட்நாட் இப்போது கோயில் பாடகர் குழுவில் இருக்கிறது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாப் பாட்டு ஒத்திகையில் இத்தனை குரலுக்கு நடுவே அதன் கனத்த அடிநாதம் தனியாகக் கேட்கும். என் சின்ன கிட்டார் அங்கே போனால் காணாமல் போய்விடும்.

குடமும் கிட்டாரும்

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற சுருதியும் ஏறும். காலி பாட்டில் வாயில் ஊதினால் வரும் "பூம்" சத்தத்திலும் இதைக் கேட்கலாம். பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஊதினால் சுருதி கூடும். உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி, வாயில் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடை மாதிரி. காற்றின் அளவு குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், அதிர்வெண் ஏறும். இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்று பெயர்.

கிட்டாரின் ஓட்டையும் வயிறும் சேர்ந்தால் இதே பாட்டில்தான். டிரெட்நாட்டில் இந்த அதிர்வெண் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதிர்வெண் கொள்ளளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஓட்டை அதே அளவு என்று வைத்துக்கொண்டு கொள்ளளவை நாலில் ஒரு பங்கு குறைத்தால், கணக்குப்படி 15% ஏறும். நிஜத்தில் மேல்பலகையும் வளைந்து கொடுக்கும், சின்ன கிட்டாரில் ஓட்டையும் பெரும்பாலும் சற்றுச் சின்னது. அதனால் ஏற்றம் கொஞ்சம் குறையும். ஆனால் திசை அதேதான்.

கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அடுத்தது 110. டிரெட்நாட்டின் காற்று இந்த ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அடிச்சுரங்களை ஊதிப் பெருக்கும். 00-வில் அந்த உதவி கொஞ்சம் மேலே நகர்ந்துவிடுகிறது. விளைவு என்ன? தடித்த கம்பி அடக்கமாகும். நடுக் கம்பிகளும் மெல்லிய கம்பிகளும் அதே உயரத்தில் வந்து நிற்கும். ஆறு கம்பியும் ஆறு பேர் மாதிரி தனித்தனியாகப் பேசும். விரலால் மீட்டி வாசிப்பவர்களுக்கு இதுதான் வேண்டும்.

இன்னொன்று, மேல்பலகை சின்னதாக, லேசாக இருந்தால் அதை அசைக்கக் குறைந்த சக்தி போதும். நகம் பட்டும் படாமல் தொட்டாலே முழுக்குரல் வந்துவிடுகிறது. ஓங்கி அடித்தால் மட்டும் ஒரு அளவுக்கு மேல் சத்தம் ஏறாது. அது இதன் எல்லை.

தோளும் விரலும்

நாள் முழுக்கக் கீபோர்டில் கை வைத்திருக்கிற வேலை எனக்கு. சாயங்காலம் டிரெட்நாட்டை மடியில் வைத்தால் வலது கை அதன் ஆழமான உடம்பைத் தாண்டி வளைந்து போக வேண்டும், தோள் தூக்கிக்கொண்டே நிற்கும். பத்து நிமிஷத்தில் வலி. வாரக்கணக்கில் பெட்டியைத் திறக்காமலே இருந்திருக்கிறேன். 00-வில் தோள் இறங்கியே இருக்கிறது.

விரலுக்கும் லாபம் உண்டு. டிரெட்நாட்டில் அதிரும் கம்பி நீளம் 25.4 அங்குலம். என் கிட்டாரில் 24.9. ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை அங்குலக் குறைவுக்கு இழுவை 4% குறையும். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதில் 4% என்றால் கிட்டத்தட்ட 3 கிலோ. நாற்பதைத் தாண்டின விரல் இதை உடனே கண்டுபிடித்துவிடும்.

உப்புக் காற்று

மணப்பாட்டில் கிட்டார் வைத்திருப்பவருக்கு உண்மையான எதிரி கடல்தான். கிட்டார்களை 45 முதல் 50% ஈரப்பதத்தில் வைத்துச் செய்கிறார்கள். என் அறையில் ஈரப்பதமானி பெரும்பாலும் 70-க்கு மேல்தான் காட்டும். ஈரம் குடித்த பலகை வீங்கும், வயிறு தள்ளும், கம்பி ஃப்ரெட்டிலிருந்து மேலே ஏறும், விரல் வலிக்கும்.

அதனால் மேல்பலகை மட்டும் முழு ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் ஒட்டுப்பலகை என்று பார்த்து வாங்கினேன். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. வாசிக்காத நேரம் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். சாதா வெண்கலக் கம்பி இங்கே சீக்கிரம் கறுத்துவிடும். மேற்பூச்சு உள்ள கம்பி விலை கூட, ஆனால் இந்தக் காற்றில் அதுதான் சிக்கனம்.

முதுகின் மேல் அடுக்கு ஈட்டி மரம், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஜாதி. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969 வாக்கில் மார்ட்டினே இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017-ல் ஈட்டி உட்பட அந்தக் குடும்பம் முழுக்க சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள்.

யாருக்கு எது?

கும்பலோடு பாட, கோயிலில் வாசிக்க, ஓங்கி அடித்து வாசிக்க டிரெட்நாட்தான் சரி. நம்மில் பலர் வாசிப்பது அறைக்குள், கேட்க ஆளில்லாமல், மற்றவர்கள் தூங்கின பிறகு. ராத்திரி பத்தரைக்கு நான் வாசிக்கும்போது அடுத்த அறையில் அம்மா தூங்குகிறார்கள். சிமெண்ட் சுவர் அறையில் பெரிய கிட்டாரின் அடிநாதம் உருண்டுகொண்டே இருக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ரெண்டு மாசமாக ஒரு நாள் விடாமல் இருபது நிமிஷமாவது வாசிக்கிறேன். வாங்கினதில் எனக்குள்ள சந்தோஷம் அதுதான்.

கடைக்குப் போனால் இப்படிச் செய்து பாருங்கள். கடைக்காரர் ஓங்கி அடித்துக் காட்டும்போது எல்லா கிட்டாரும் நல்லாத்தான் இருக்கும். நீங்கள் உட்கார்ந்து, வீட்டில் ராத்திரி வாசிக்கிற அளவுக்கு மெதுவாக வாசியுங்கள். அந்த மெதுவிலும் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா, தோள் இறங்கி இருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டுக்கும் ஆமாம் என்றால் பில் போடச் சொல்லலாம்.