வரைபடத்தில் மட்டும் இருந்த தீவு

அச்சில் ஏறியதெல்லாம் உண்மை என்று நம்புவது மக்கள் இயல்பு. ஆயினும் வரைபடங்களிலும் பிழைகள் நேர்வதுண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் இடையே 'சாண்டித் தீவு' என்றொரு தீவு பல படங்களில் நெடுங்காலம் குறிக்கப்பட்டிருந்தது. 2012-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கப்பலொன்று அவ்விடத்தை அடைந்தபோது தீவைக் காணவில்லை. ஆயிரம் மீட்டருக்கும் மிகுந்த ஆழமுடைய கடலே இருந்தது.

இப்பிழை பிறந்த விதம் யாது? 1876-இல் 'வெலாசிட்டி' என்னும் திமிங்கில வேட்டைக் கப்பல் தந்த குறிப்பே இதற்கு மூலம். கடலில் திரளாக மிதந்த எரிமலை நுரைக்கற்களைத் தரையென மயங்கியிருக்கலாம் என்பர் ஆய்வாளர். பின்வந்தோர் நேரிற் சென்று பாராமல் அதனைப் படியெடுத்தனர். அச்சுப் படத்தின் பிழை கணினிப் படத்திலும் புகுந்தது. படங்கள் பலவாயினும் அவற்றிற்குச் சான்று ஒன்றே!

நம் உறுப்பினர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிலம் வாங்கும்போதும் ஈடு வைக்கும்போதும் கைப்பேசிப் படம் காட்டும் எல்லையை நம்பி நின்றுவிடலாகாது. நில அளவைத் துறையின் புலப்படத்தைக் கையிற் கொண்டு, எல்லைக் கற்களை நேரிற் கண்டு சரிபார்த்தல் வேண்டும்.