வீட்டுப் பெரியவருக்குப் பேச்சு தேய்கிறதா?



திரேஸ்புரத்திலோ மணப்பாட்டிலோ, கடலுக்குப் போய் ஓய்ந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். சீலா, பாரை, சாளை என்று இருட்டிலும் இனம் சொன்ன மனுஷன். இப்போது எல்லாவற்றுக்கும் "அது... அதுதாம்லே" என்கிறார். ஒருநாள், "சீலாவா? அப்படின்னா என்ன?" என்று கேட்கிறார். ஆனால் வலை முடியும் கை தப்பவில்லை, வழியும் மறக்கவில்லை. "வயசாயிட்டு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மருமகள் மேல் கோபம், அதான் பேசவில்லை என்று சண்டையும் வேண்டாம்.

முதலில் ஒன்று. பேச்சு திடீரென்று குழறினால், வாய் கோணினால், ஒரு கை விழுந்தால் அது பக்கவாதம். அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதையும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மந்திரிக்க அலைந்தால் அந்த நேரம் போய்விடும்.

நாம் சொல்ல வந்தது வருஷக்கணக்கில் மெல்லத் தேயும் பேச்சு. 1982-ல் அமெரிக்காவில் டாக்டர் மெசுலம் இப்படிப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார். அதன் பிறகே இதைத் தனி நோயாகக் கவனித்தார்கள். பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். அங்கே கன்னப்பொட்டுக்கு உள்ளே சுருங்கினால் சொல்லின் அர்த்தமே போகும். நெற்றிப் பக்கம் சுருங்கினால் வாக்கியம் உடைந்து, திக்கித் திக்கி வரும். காதுக்குப் பின்புறம் என்றால் தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். இதற்குப் பல சமயம் அல்சைமர் நோயே காரணம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இந்தச் சுருக்கத்தைப் படமாகக் காட்டும். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. எப்போதோ வள்ளத்தில் தலை அடிபட்டு மண்டைக்குள் தேங்கிய இரத்தமோ, ஒரு கட்டியோ இருந்தாலும் அது காட்டிவிடும். இவற்றில் பல ஆபரேஷனில் சரியாகக் கூடியவை. ஆரம்பத்தில் படம் சுத்தமாகவே வரலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகாது. டாக்டர் பேச வைத்து, பொருளைக் காட்டிப் பெயர் கேட்டு, காதையும் இரத்தத்தையும் சோதித்துத்தான் முடிவு சொல்வார்.

ஸ்கேனில் வலி இல்லை, சத்தம் அதிகம். அது பெரிய காந்தம், ஆகவே அரைஞாண், தாயத்து, மெட்டி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும். மனசு வராத தாய்மார் வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வரலாம். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தேய்வை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொஞ்சம் கைகொடுக்கும். வள்ளம், வீடு, பாங்க் காரியங்களை அவர் வாயாலேயே சொல்லக்கூடிய காலத்தில் பேசி முடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு வாங்குங்கள். எந்தச் சொல் எப்போது தப்பியது என்று ஒரு நோட்டில் குறித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.