மேப்பிள் பாகு: சூடு பார்த்து அடைக்கணும்

கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதி விவசாயிகள், பனிக்காலம் முடியும் நேரத்தில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு நீர் இறக்குகிறார்கள். நம்ம பதநீர் மாதிரிதான். ஆனா இனிப்பு சுமார் 2 சதவீதம்தான். ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. இத்தனை விறகும் உழைப்பும் பாட்டிலில் அடைக்கிறப்போ வீணாகலாமா?

தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பாகு பதம். மலைப்பகுதியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால முதலில் அதை அளந்துக்கணும். பதத்துக்கு முன்பே இறக்கினால் புளிக்கும். தாண்டினால் அடியில் கற்கண்டாக உறையும்.

காய்ச்சும்போது தாதுக்கள் மணல்போலத் திரளும். சூட்டோடு கம்பளித் துணியில் வடிகட்டிடுங்க.

அடைக்கும்போது 82 முதல் 88 டிகிரி வரை இருக்கணும். குறைந்தால் பூஞ்சை வித்துகள் பிழைத்துக்கொள்ளும்; பிறகு மேலே பூஞ்சணம் கட்டும். மறுபடி கொதிக்கவிட்டால் புதுசா மணல் திரண்டு பாகு கலங்கும். தெர்மாமீட்டரைப் பாருங்க, கண் மதிப்பு போதாது.

கண்ணாடி பாட்டிலை முன்பே சூடாக்கிக்கணும். இல்லேன்னா விரிசல் விடும். கழுத்துவரை ஊற்றி, இறுக்கி மூடி, சிறிது நேரம் படுக்கவையுங்க. உள்ளிருக்கும் சூடே மூடியையும் கழுத்தையும் சுத்தமாக்கிடும். எந்த ரசாயனமும் தேவையில்லை. திறந்த பாட்டிலை மட்டும் குளிர்பெட்டியில் வையுங்க.