நன்னீர்க் கப்பற்சிதைவு முக்குளிப்பு

நன்னீர்க் கப்பற்சிதைவு முக்குளிப்பு என்பது ஏரிகளில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களை, காற்று உருளையும் மூச்சுக் கருவியும் அணிந்து நீரினுள் சென்று பார்வையிடுதல் ஆகும். வட அமெரிக்கப் பேரேரிகள் இதற்குப் பெயர் பெற்றவை. குளிர்ந்த நன்னீர் கப்பல்களைக் காக்கிறது. அதே குளிர் முக்குளிப்பவருக்கு இடராகிறது. எனவே ஆழமான சிதைவுகள் பட்டறிவு மிக்கோருக்கே உரியவை.

சிதையாமைக்கான காரணம்

கடலில் மூழ்கும் மரக்கப்பல்களைக் கப்பற்புழு என்னும் மெல்லுடலி துளைத்து அழிக்கிறது. இது உப்பு நீரில் வாழ்வது, பேரேரிகளில் இல்லை. குளிர், மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் செயற்பாட்டையும் குறைக்கிறது. நீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி பெறுவதால், கோடையிலும் ஆழ்நீர் ஏறத்தாழ அவ்வெப்பநிலையிலேயே இருக்கும்.

குறிப்பிடத்தக்க இடங்கள்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், டோபர்மோரி அருகே ஃபாதம் ஃபைவ் தேசியக் கடற்பூங்கா 1987 இல் நிறுவப்பட்டது. இங்கு 1885 இல் மூழ்கிய சுவீப்சுடேக்சு என்னும் பாய்க்கப்பலின் உடற்பகுதியைப் படகிலிருந்தே காணலாம். 1884 இல் மூழ்கிய அரேபியா 30 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உள்ளது. அங்கு முக்குளிப்போர் பலர் உயிரிழந்துள்ளனர்.

இடர்களும் கருவிகளும்

உருளையிலிருந்து விரிந்து வெளிவரும் காற்று மேலும் குளிர்வதால், மூச்சுக் கருவியில் பனி உறைந்து அதன் அடைப்பிதழ் திறந்தபடி நின்றுவிடலாம். அப்போது காற்று சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இதனால் தனித்தனி அடைப்பிதழ்களுடன் இரு மூச்சுக் கருவிகளை எடுத்துச் செல்வர். உடல் நனையாத உலர் உடையும் தேவை. குளிர்ந்த உடலில் கரைந்த நைதரசன் மெதுவாகவே வெளியேறுவதால், மேலேறும்போது நிறுத்தங்கள் கூடுதலாக வேண்டும். நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு குறைவு என்பதால், இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளையும் குறைக்க வேண்டும்.

வெப்பக் கடலுடன் ஒப்பீடு

இலங்கையில் மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று சப்பானிய வானூர்திகள் மூழ்கடித்த எர்மெசு என்னும் பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அங்கும் பட்டறிவு மிக்கோரே இறங்குவர். ஆயினும் அங்குள்ள இடர் ஆழத்தினால் வருவது, குளிரினால் அன்று.

பாதுகாப்பு

1980களின் இறுதியில் கப்பல்களின் நிலைப்பு நீர் வழியாகப் பேரேரிகளுக்கு வந்த வரிக்குதிரைச் சிப்பிகளும், பின்னர் பரவிய குவாகா சிப்பிகளும் சிதைவுகளின் மேல் அடர்ந்து படிந்து அவற்றைச் சேதப்படுத்துகின்றன. கப்பற்புழு இல்லாமையால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த மரம் இவற்றின் எடையால் முறிகிறது.

1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 29 பேருடன் மூழ்கிய எட்மண்ட் பிட்செரால்டு கப்பலை அணுக ஒண்டாரியோ அரசின் உரிமம் தேவை. இத்தகைய சிதைவுகள் கல்லறைகளாகவும் மதிக்கப்படுகின்றன.