அம்பு பட்டவன் உடனே சாவானா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வில்லிலிருந்து ஓர் அம்பு புறப்படுகிறது. எதிரி வீரன் அலறுகிறான்; இரண்டு கெஜம் பின்னால் பறந்து விழுகிறான்; கண்ணை மூடுகிறான். அடுத்த அம்பு, அடுத்த வீரன். அரங்கில் விசில் பறக்கிறது. கற்பனைச் சரித்திரப் படங்களில் நாம் நூறு முறை கண்டு களித்த காட்சி இது.

சென்ற விடுமுறையில் திருத்தங்கலில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘பாகுபலி’ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் சித்தப்பாவின் மகன். பதினொரு வயது. திடீரென்று கேட்டான்: “அம்பு பட்டா உடனே செத்துருவாங்களா அண்ணே?” “ஆமாடா” என்றேன். “அப்ப எங்கப்பா மட்டும் ஏன் ஆறு நாள் கிடந்தாரு?” என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சித்தப்பா பட்டாசுத் தொழிலாளி. விபத்து நடந்த அன்று தாமே நடந்து வந்து வண்டியில் ஏறினார். “பயப்படாதீங்க, ஒண்ணுமில்லை” என்று எங்களுக்கே தைரியம் சொன்னார். ஆறாம் நாள் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிறுவனுக்கு விடை சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று எண்ணியே இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் நம் இயற்பியலைத் துணைக்கு அழைப்போம். 60 கிராம் எடையுள்ள அம்பு விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாய்வதாகக் கொள்வோம். அதன் உந்தம் 3 கிலோகிராம் மீட்டர்/விநாடி. அது 60 கிலோ எடையுள்ள மனிதன் மேல் தைத்து நின்றால், அவன் பெறும் வேகம் விநாடிக்கு வெறும் 5 சென்டிமீட்டர்! ஆகவே அம்பு யாரையும் தூக்கி எறியாது. கதாநாயகன் ஒரே நாணில் மூன்று அம்புகளை ஏற்றுகிறானே, அதுவும் இலவசமன்று. வில்லில் சேர்ந்த ஆற்றலை மூன்றும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று 50 மீட்டர் வேகத்தில் போனால், மூன்றும் ஏறக்குறைய 29 மீட்டர் வேகத்தில்தான் போகும்.

அப்படியானால் அம்பு எவ்வாறு கொல்கிறது? மோதியன்று, அறுத்துக் கொல்கிறது. நம் உடலில் ஓடும் இரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் 2 லிட்டர் வெளியேறினால் உயிருக்கே ஆபத்து. மூளையின் அடித்தண்டில் தைத்தாலன்றி உடனடிச் சாவு என்பது அரிது. இதயத்தையே துளைத்தாலும், மூளையில் எஞ்சிய பிராணவாயு பத்துப் பதினைந்து விநாடிகளுக்கு நினைவைத் தாங்கும். பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள். நுரையீரலைத் துளைத்தால் மார்புக்குள் காற்றுப் புகுந்து, மூச்சுத் திணறி, மணிக்கணக்கில் போராட்டம். குடலைக் கிழித்தாலோ, உள்ளே நஞ்சு பரவிப் பல நாள் வேதனை.

1991-இல் ஆல்ப்ஸ் பனிமலையில் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ‘ஓட்சி’ என்று பெயரிட்டனர். இடத் தோளில் அம்பு முனை ஒன்று இருப்பது 2001-இல்தான் தெரிந்தது. அது காறை எலும்பின் அடியிலுள்ள தமனியைக் கிழித்திருந்தது.

இதற்கு மாறாக ஒரு சரித்திரமும் உண்டு. 1403-ஆம் ஆண்டு ஷ்ரூஸ்பரிப் போரில் இங்கிலாந்தின் பதினாறு வயது இளவரசன் ஹென்றியின் முகத்தில் அம்பு பாய்ந்தது. தண்டு வந்துவிட்டது, முனை மட்டும் ஆறு அங்குல ஆழத்தில் தங்கிவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர் அதற்கென்றே ஒரு கருவியைச் செய்து, தேன் தடவிய குச்சிகளால் காயத்தை விரித்து, முனையை எடுத்தார். இளவரசன் பிழைத்தான், 1413-இல் அரசனுமானான். நம் நாட்டுச் சுசுருதரின் நூலும் உடலில் தைத்த பொருளைச் ‘சல்லியம்’ என்று பெயரிட்டு, அதனை எடுக்கும் முறைகளை விரிவாகக் கூறுகிறது. அம்பு பட்டவன் உடனே செத்திருந்தால் இந்த மருத்துவம் எதற்கு?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர் எனலாம். செங்கம் வட்டாரத்து நடுகற்களில், உடலில் அம்பு தைத்த நிலையிலும் ஆயுதம் ஏந்தி நிற்கும் வீரர்களைக் காணலாம். 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி கணேசன் உடலெங்கும் அம்பு தைத்த பின்னும் பேசுகிறார், தருமமும் செய்கிறார். 2001-இல் வந்த ஆங்கிலப் படமான ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தில் போரோமிர் மூன்று அம்புகள் பாய்ந்த பின்னும் சண்டையிட்டு, தோழனிடம் மனம் திறந்து பேசியே கண் மூடுகிறான். நாம் மிகை என்று நினைக்கும் இக்காட்சிகளே உண்மைக்குச் சற்று அருகில் இருக்கின்றன. பெயரில்லாத போர்வீரன் ஒரு நொடியில் சாவதுதான் பெரிய பொய்!

மற்றொரு பொய் அதைவிடப் பொல்லாதது. கதாநாயகன் மார்பில் தைத்த அம்பைத் தானே பிடுங்கி வீசுகிறான். நாம் கை தட்டுகிறோம். தைத்த பொருள் பல வேளைகளில் அறுந்த இரத்தக் குழாயை அடைத்து நிற்கும் மூடி. பிடுங்கினால் மடை திறந்தாற்போலாகும். கம்பியோ கண்ணாடியோ ஆழமாகக் குத்தினால் பிடுங்காமல், சுற்றிலும் துணி வைத்து அசையாமல் தாங்கி, 108-ஐ அழைக்க வேண்டும். தீப்புண்ணுக்கோ, மையும் பற்பசையும் வேண்டா. ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டி, விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

தம்பிக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. “உங்கப்பா மட்டுமில்லைடா, நிஜத்துல நிறையப் பேர் அப்படித்தான். தோல்தான் உடம்புக்குக் கோட்டை. அது எரிஞ்சு போனா உள்ளே இருக்கிற நீர் வெளியேறும், வெளியே இருக்கிற கிருமி உள்ளே புகும். அந்த ஆறு நாளும் உங்கப்பா சண்டை போட்டாருடா” என்றேன். அவன் வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “ஜெயிச்சவங்களும் உண்டா அண்ணே?” என்றான். “உண்டு” என்றேன்.

நண்பர்களே! திரையில் சாவுக்கு ஒரு நொடி போதும். வாழ்க்கையில் காயத்திற்கும் சாவிற்கும் நடுவே நிமிடங்களும் நாட்களும் இருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் மருத்துவன் இருக்கிறான், முதலுதவி இருக்கிறது, நாமும் இருக்கிறோம். கந்தகத்தோடு வாழும் நம் மண்ணில் அந்த இடைவெளியின் அருமையை நாம் அறிந்திருக்க வேண்டாமா?